எந்த வவ்வால்?

"நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்று என் மாமியார் கீழேயிருந்து கேட்டார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மேடம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எந்த நாலு பேரும்மா?" என்றார்.

மாமியார் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். எதிர்வீட்டு வாத்தியார் சம்சாரம் ஒன்று. பால் ஊற்றுகிறவர் இரண்டு. அதற்கு மேல் விரல் மடங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பால்காரு பேச மாட்டாரு, அவருக்கு ஏது நேரம்," என்று ஒரு விரலை அவரே நிமிர்த்திவிட்டார். மிச்சம் வாத்தியார் சம்சாரம் மட்டும்தான்.

பேச்சு வேறொன்றுமில்லை. மேடம் பொழுது சாய்ந்த நேரத்தில் நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்புவதும், இருட்டின பிறகு முழங்கால் வரை சேறோடு திரும்புவதும் மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

திண்டிவனத்தில் எங்களுக்கு ஒரு மெடிக்கல் ஷாப் இருக்கிறது. கடைக்குப் பின்னால் வீடு, மேலே ஒரு போர்ஷன். கொரோனாவெல்லாம் அடங்கிக் கடை பழையபடி ஆன பிறகு அந்த மேல் போர்ஷனுக்குக் குடிவந்தவர் மேடம். என் வயதுதான் இருக்கும், நாற்பதை ஒட்டி. பூச்சி தின்கிற வவ்வால்களைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிறவர். செஞ்சி, மயிலம், வானூர் என்று எங்கள் மாவட்டம் முழுக்கச் சுற்றி, எந்தப் பாறையில், எந்தக் கிணற்றில், எந்தப் பாழடைந்த கட்டடத்தில் எந்த வகை இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. தெருவில் 'வவ்வால் மேடம்' என்றால் எல்லாருக்கும் தெரியும். சொந்தப் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் கூச்சப்படுவார்.

அவரிடம் எதையும் மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. "ஆம்பளைங்களே இப்பிடித்தான் மேடம்" என்று நான் ஒருநாள் வீட்டுக்காரர் மேல் உள்ள எரிச்சலில் சொன்னேன். "எந்த ஆம்பளை?" என்றார். "இந்தக் காலத்துப் புள்ளைங்க" என்றால் "எந்தப் புள்ள?" என்பார். நாம் புலம்புவதற்கு ஒரு தலை ஆட்டினால் போதும் என்று நினைத்துத்தான் பேச்சைத் தொடங்குவோம். அவர் தலையாட்ட மாட்டார். சில நாள் பெரிய பேஜாராக இருக்கும். படியில் அவர் இறங்கி வருகிற சத்தம் கேட்டால் நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டதும் உண்டு.

வீடு பார்க்க வந்த அன்றைக்கே மாமியார் கேட்டுவிட்டார், "நீங்க எந்த ஆளுங்கம்மா?" என்று. எங்கள் பக்கம் வீடு விடும்போது முதலில் வருகிற கேள்வி அதுதான். மேடம் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் இல்லை.

"அதை மட்டும் கேக்காதீங்கம்மா. அதுக்குப் பதில் சொல்லிட்டா, அதுக்கப்புறம் என்னைப் பத்தி நீங்க வேற எதையுமே கேக்க மாட்டீங்க."

மாமியார் முகம் சுண்டிப்போனது. என் வீட்டுக்காரர்தான், "வாடகைக்கு வுடப்போறோம், அவ்ளோதானே" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு மாமியார் மேடத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டார். என்ன சாப்பிடுவார், அம்மா இருக்கிறாரா, புருஷன் ஏன் கூட இல்லை, காலில் அது என்ன தழும்பு. எல்லாவற்றுக்கும் மேடம் பொறுமையாகப் பதில் சொன்னார். புருஷன் வேறு ஊரில் வேறு வேலையில் இருந்தார். தழும்பு செஞ்சிப் பக்கத்துப் பாறையில் வழுக்கி விழுந்தது.

வந்த புதிதில் ஒரு சாயங்காலம், கடையில் ஆள் நிற்கிற நேரம், ஒரு சின்ன வவ்வால் உள்ளே புகுந்துவிட்டது. மருந்து வாங்க வந்தவர்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். உள்ளேயிருந்து மாமியார் ஓடிவந்து, "வவ்வாலு! வவ்வாலு!" என்று கத்தினார்.

மாடியிலிருந்து குரல் வந்தது. "எந்த வவ்வாலு?"

"அடியம்மா, வவ்வாலுல எந்த வவ்வாலு! வவ்வாலுதான்!"

மேடம் இறங்கிவந்து முதலில் ஃபேனை நிறுத்தச் சொன்னார். அது இருமல் மருந்து அடுக்கியிருந்த தட்டில் போய் உட்கார்ந்தது. தோல் கையுறையை மாட்டிக்கொண்டு, ஒரு காலி அட்டைப்பெட்டியை அதன் மேல் கவிழ்த்து, அடியில் ஒரு அட்டையைச் செருகி எடுத்தார். பெட்டியின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கி எங்களுக்குக் காட்டினார். இறக்கையை மடக்கிக்கொண்டால் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். பழுப்பு நிறம். கண் கடுகு மாதிரி.

"குட்டியா?" என்றேன்.

"இல்ல, இது ஆளான பொம்பளை. இதுக்கு மேல வளராது. ஒரு ரூபா காசு வெயிட்டுகூட இருக்காது. உங்க கடை போர்டுக்குப் பின்னாடி ஒரு குடும்பமே இருக்குது. நான் வந்த அன்னைக்கே பாத்தேன்."

"வாடகை குடுக்குதாமா?" என்றார் மாமியார்.

"கொசு புடிக்குதேம்மா." உடனே தன்னைத் திருத்திக்கொண்டார். "கொசுவும் தின்னும். சின்ன வண்டு, ஈசல், அந்துப்பூச்சி எல்லாம் தின்னும். கொசுவை மட்டுமேன்னு சொல்ல முடியாது."

நான் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். சட்டென்று பெட்டியை நகர்த்திக்கொண்டார். "எந்த வவ்வாலா இருந்தாலும் வெறுங்கையால தொடக் கூடாது. இந்த ஒரு விஷயத்துல மட்டும் எல்லாம் ஒண்ணுதான்." அவர் இந்த வேலைக்காக வெறிநாய்க்கடிக்குப் போடுகிற ஊசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவரைப் பார்த்தால் எதற்கும் பயப்படாதவர் மாதிரி இருக்கும். அப்படி இல்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் பார்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

அடுத்த வருடம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "எல்லாருக்கும் நடக்கிறதுதான், ரெண்டு புள்ள பெத்தாச்சி, இனிமே அது எதுக்கு" என்று சொல்லிவிட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்கள். மேடம் சாயங்காலம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எங்க வலிக்குது ஜெயா?"

"ஆபரேஷன் பண்ண எடத்துலதான்."

"அங்க மட்டும்தானா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை. என்னென்னவோ சொன்னேன். அவர் ஒரு ஆறுதலும் சொல்லவில்லை, முழுக்கக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். அதன் பிறகு அவர் இறங்கி வரும் சத்தம் கேட்டால் நான் போனை எடுப்பதில்லை.

உடம்பு தேறியதும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். மேடம் என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவார். கையில் ரேடியோ மாதிரி ஒரு பெட்டி. நம் காதுக்கு எட்டாத வவ்வால் சத்தத்தை அது கேட்கிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். பொழுது அமர்ந்து மேற்கே சிவப்பு மங்குகிற நேரம், பெட்டி முதலில் சும்மா இரையும். பிறகு திடீரென்று சோளம் பொரிவது மாதிரி படபடவென்று வரும். "நம்ம கடை போர்டு ஆளு" என்பார். தலைக்கு ரொம்ப மேலே, நேர்கோட்டில் வேகமாகப் போகிற ஒன்றைக் காட்டுவார். சத்தம் நின்று நின்று, சொடக்குப் போடுவதுபோல் வரும். "அது பாறை இடுக்கிலேர்ந்து வருது. ஆணுக்குத் தொண்டையில கறுப்பா தாடி உண்டு." பனைமரத்தில் காய்ந்து தொங்குகிற மட்டைக்குள் மஞ்சள் வயிற்றுக்காரன் இருப்பான். வேலி ஓரமாகத் தாழப் பறப்பது இலைமூக்கு. அதற்கு மூக்கின் மேல் இலையை ஒட்டிவைத்த மாதிரி ஒரு மடிப்பு. மூக்கு வழியாகத்தான் கத்தும். பெட்டியில் அது குருவி கூவுகிற மாதிரி கேட்கும். எலிக்கு இருப்பதுபோல நீள வால் உள்ள ஒன்று குகைகளில் இருக்கிறதாம். பூச்சி கிடைக்காத மாதங்களுக்காக அடிவயிற்றில் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம்.

"எல்லாம் பூச்சிதானே துண்ணுது, இன்னாத்துக்கு இத்தினி தினுசு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு மேல தேடுது, ஒண்ணு வேலியில தேடுது, ஒண்ணு தண்ணி மேல தேடுது. ஒரே வானம் மாதிரித்தான் நமக்குத் தெரியுது. அதுங்களுக்கு அது வேற வேற ஊரு."

அவர் பார்க்க ஆசைப்பட்டு இன்னும் பார்க்காதது ஒன்று இருந்தது. உடம்பு ஆரஞ்சு நிறம், இறக்கையில் ஆரஞ்சும் கறுப்பும். காய்ந்த வாழை இலைச் சுருளுக்குள் தூங்குமாம், கலைத்தால் வண்ணத்துப்பூச்சி மாதிரிப் பறக்குமாம். எந்த வாழைத்தோப்பைப் பார்த்தாலும் ஸ்கூட்டியை நிறுத்திவிடுவார்.

என் பிறந்த ஊர் மயிலத்துக்கும் வானூருக்கும் நடுவில். அண்ணன் அங்கே பயிர் வைக்கிறார், நாங்கள் மல்லாட்டை என்று சொல்கிற நிலக்கடலையும் நெல்லும். ஊராட்சியில் வார்டு மெம்பர். ஒருநாள் போன் பண்ணி, "ஜெயா, எவனோ நம்ம மோட்டார் கொட்டாயில மந்திரம் வெக்கிறான்" என்றார். தினமும் காலையில் கொட்டாய்த் தரையில் தவளைக் கால், எலி வால், பெரிய பூச்சியின் இறக்கை எல்லாம் கிடந்தனவாம். அண்ணி அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்கிறாளாம். பூசாரிக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது.

மேடம் இதைக் கேட்டதும் முகம் மலர்ந்து சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நாங்கள் போய்ப் பார்த்தபோது கொட்டாய்க்குள் உத்தரத்தில் இரண்டு தொங்கிக்கொண்டிருந்தன. காது முகத்தைவிடப் பெரிது. பூச்சியோடு தவளையும் எலியும் பல்லியும் தின்கிற வகை. இலைச் சருகில் இரை நகர்கிற சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து அள்ளிக்கொண்டு வந்து, இங்கே தொங்கியபடி தின்றுவிட்டு மிச்சத்தைக் கீழே போடும்.

"அப்போ எனக்கு எவனும் வெக்கலியா?" என்றார் அண்ணன். கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது குரலில்.

அண்ணன் அன்றைக்கே மேடத்தின் ஆளாகிவிட்டார். ஊர்க் கோடியில் இருந்த பழைய நெல் குடோனை அவர்தான் காட்டினார். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் நிற்கிற கருங்கல் கட்டடம். பூட்டி வருஷக்கணக்காகிறது. மேடம் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போனார், என்னைக் கதவோடு நிற்கச் சொன்னார். கூரை முழுக்க இலைமூக்கு வவ்வால்கள். கூட்டம்தான், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று சாயவில்லை. கொஞ்சம் கொஞ்சம் இடம் விட்டுத் தனித்தனியாகத் தொங்கின. கோடை தொடங்கியிருந்தது. பலவற்றின் வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் குடோனை இடித்துவிட்டு ரேஷன் கடை கட்டுவது என்று ஊராட்சியில் முடிவாகியிருந்தது. அவசரம் ஒன்றும் இல்லாமல்தான் கிடந்தது. அப்போதுதான் டிவியில் பக்கத்து மாநிலத்து வவ்வால் காய்ச்சல் ஓட ஆரம்பித்தது. அதே வாரம் காலனியில் ஒரு குழந்தையைக் காய்ச்சலோடு விழுப்புரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. குடோன் வவ்வாலிடமிருந்து காலனிக்கு வந்துவிட்டது, காலனியிலிருந்து ஊருக்கு வரப்போகிறது என்று பேச்சு. டீக்கடையில் காலனி ஆட்களை வெளியிலேயே நிற்கச் சொன்னார்கள். வயல் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள்.

"ஞாயித்துக்கெழமை டயரைக் கொளுத்தி உள்ள போடப் போறாங்கோ," என்றார் அண்ணன் போனில். "நான் சொன்னா கேக்க மாட்றாங்கோ. மேடத்தை இட்டுக்கினு வா."

மேடம் ஊரில் இறங்கியதும் அண்ணனிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் குழந்தை?"

"காலனில ஒரு புள்ள, மேடம்."

"எந்த வீட்டுல?"

அண்ணனுக்குத் தெரியவில்லை. அந்தக் காலனி ஆட்கள்தான் அவர் வயலில் களை எடுக்கிறார்கள், மல்லாட்டை பிடுங்குகிறார்கள். அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. விசாரித்துக்கொண்டு மூவரும் போனோம்.

அஞ்சலை என்கிற பெண்ணின் வீடு. குழந்தையை முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். அது மெலிந்த காலை நீட்டி உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தது.

"டெங்குன்னு சொன்னாங்கம்மா," என்றார் அஞ்சலை. "ரத்தம் எடுத்துப் பாத்துத்தான் சொன்னாங்க. கொசு கடிக்கிறதுதானே அது? வவ்வாலுக்கும் அதுக்கும் இன்னா? ஊர்ல ஒருத்தரும் வந்து கேக்கலியேம்மா. நின்ன எடத்துலயே நின்னுக்கினு பேசிக்கினாங்கோ."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊராட்சி ஆபீஸ் முன்னால் கூட்டம். தலைவர் நாற்காலியில். டயர்கள் டிராக்டரில் ரெடியாக இருந்தன. மேடத்தைப் பேசச் சொன்னார்கள். இந்த வகை பூச்சி தின்பது, குட்டி இன்னும் பறக்கவில்லை, புகை போட்டால் தாய்கள் வெளியே போகும், குட்டிகள் தரையில் விழுந்து சாகும், ஆகையால் பறக்கிற வரைக்கும் பொறுங்கள் என்றார்.

பெரியவர் ஒருவர் எழுந்தார். "மல்லாட்டையில வருஷா வருஷம் கம்பளிப்பூச்சி வந்து இலையே இல்லாம மொட்டை அடிக்குது. அதோட அந்துப்பூச்சியை இது துண்ணுமா? அதைச் சொல்லுங்க, நாங்களே காவல் காக்கிறோம்."

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மனதுக்குள் சொல்லிவிடுங்கள் மேடம், சொல்லிவிடுங்கள் என்று மன்றாடினேன்.

"தெரியாதுங்க," என்றார் மேடம். "இதோட எச்சத்துல வண்டு ரெக்கை பாத்திருக்கேன், ஈசல் பாத்திருக்கேன், நெல்லு வயல் அந்து பாத்திருக்கேன். கம்பளிப்பூச்சியோட அந்துப்பூச்சியை நான் இதுவரைக்கும் பாக்கல. பாக்காததை எப்படிச் சொல்றது?"

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். "சரி, நோயாவது வராதுன்னு சொல்லுவீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"டிவியில சொல்றது பழந்தின்னி வவ்வாலைப் பத்தி. இது அது இல்ல. அதுக்காக இதால எந்தக் காலத்துலயும் ஒண்ணும் வராதுன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். உள்ள போகாதீங்க, தொடாதீங்க. அது போதும்."

அவ்வளவுதான். கூட்டம் கலைந்து டிராக்டர் பக்கம் நகர ஆரம்பித்தது. அப்போது ஓரமாக வேப்பமரத்தடியில் நின்றிருந்த அஞ்சலை குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். காலனிப் பெண் யாரும் அந்த இடத்தில் வந்து பேசி நான் பார்த்ததில்லை.

"இதான் அந்தப் புள்ள. எல்லாரும் பாத்துக்குங்க," என்றார். "இதுக்கு வந்தது டெங்கு. பெரிய ஆஸ்பத்திரில சொன்னாங்க. அந்தம்மா ஒருத்தங்கதான் வூட்டுக்கு வந்து கேட்டாங்க. தெரிஞ்சதைத் தெரியும்ங்கிறாங்க, தெரியாததைத் தெரியாதுங்கிறாங்க. நீங்க தெரியாததை எங்க தலையில கட்டிட்டீங்க. வவ்வாலு மேலயும் போட்டீங்க, எங்க மேலயும் போட்டீங்க. ஒரு வாரமா எங்களுக்கு வேலை இல்ல."

டீக்கடைக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "நாளைக்கு என் கொல்லைக்குக் களை எடுக்க வந்துடும்மா. எல்லாரையும் இட்டுக்கினு வா."

தலைவர் தாடையைத் தடவிக்கொண்டே, "கட்டடம் வந்தாவணும் மேடம்," என்றார்.

"இடிங்க சார். குட்டி பறந்தப்புறம் இடிங்க. எல்லாம் வெளிய போயிருக்கிற நேரமாப் பாத்து ஓட்டையை அடைச்சிட்டு இடிங்க."

டயர்கள் இறக்கப்படவில்லை.

மேடம் இப்போது வேறு மாநிலத்தில் இருக்கிறார். எப்போதாவது போனில் பேசுகிறோம். குடோனை விட்டுப் போன வவ்வால்களில் கொஞ்சம் ஊருக்கு மேற்கே ஒரு பாழுங்கிணற்றில் தங்கின. மற்றவை எங்கே போயின என்று அவருக்கே தெரியாது. கேட்டால் தெரியாது என்றுதான் சொல்கிறார். குடோன் இருந்த இடத்தில் ரேஷன் கடை வந்துவிட்டது. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த ஓட்டையை அடைத்த சாயங்காலம்தான்.

வானூரிலிருந்து ஒரு மேஸ்திரி வந்திருந்தார். மற்ற சந்து பொந்தெல்லாம் பகலிலேயே அடைத்தாகிவிட்டது. மேற்குப் பக்கம் ஒரே ஒரு ஜன்னல் பாக்கி. கலவை போட்டு, செங்கல் அடுக்கி, கரணையோடு ஏணி ஓரம் நின்றார். அண்ணன் இருந்தார், அஞ்சலை குழந்தையோடு வந்திருந்தார், ஊர் ஆட்கள் சிலர் சும்மா வேடிக்கை பார்க்க நின்றார்கள். வெளிச்சம் மங்கியதும் முதல் வவ்வால் வெளியே வந்தது. பிறகு இரண்டு, பிறகு கயிறு திரித்த மாதிரி தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன. எங்கள் தலைக்கு மேல் காற்று அசைவது தெரிந்தது. அஞ்சலையின் குழந்தை அண்ணாந்து பார்த்துக் கையைக் கையை ஆட்டியது.

பிறகு குறைந்தது. பிறகு நின்றது.

"முடிஞ்சிதா மேடம்?" என்றார் மேஸ்திரி. அவருக்கு ரொம்ப தூரம் போகவேண்டும்.

மேடம் சிவப்பு விளக்கோடு உள்ளே போய்விட்டு வந்தார். "ஒண்ணு இருக்குது. இந்த வருஷத்துக் குட்டி. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறக்குது, வெளிய வரத் தைரியம் இல்ல."

"ஒண்ணுதானே மேடம்," என்றார் வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர். "அவ்ளோ போச்சி. ஒண்ணுக்காக மேஸ்திரி நிப்பாரா?"

மேடம் ஜன்னலுக்குக் கீழே போய்ச் சுவரோடு நின்றுகொண்டார். மேஸ்திரி வானத்தைப் பார்த்தார், கலவையைப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கரணையால் கலவையைப் புரட்டிவிட்டார். "கொஞ்ச நேரம் தாங்கும்," என்றார் யாருக்கும் இல்லாமல்.

'ஒண்ணுதானே' என்றவரும் கிளம்பவில்லை. ஜன்னல் விளிம்பில் ஏதோ அசைந்து உள்ளே போனது. மறுபடி வந்தது. பிறகு சட்டென்று, யாரோ தள்ளிவிட்ட மாதிரி, வெளியே விழுந்து, விழுகிற வழியிலேயே இறக்கையை விரித்து வேலியைத் தாண்டிப் போனது.

அண்ணன் மூச்சு விட்டார். "போச்சி மேஸ்திரி, ஏறுங்க."

மேஸ்திரி கரணையை எடுக்கவில்லை.

"இன்னொரு தபா உள்ள பாத்துட்டு வந்துடுங்க மேடம்," என்றார்.